ஆறுக்கு ஆறு

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, கோர்ட்டை உள்ளபடி காட்டிய டி.வி. தொடர் எது என்று கேட்டால் 'தி நைட் ஆஃப்' என்றுதான் சொல்வேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜைமேல் கட்டாகக் கிடக்கின்றன. சிலருக்குத் தொடர் பிடித்திருக்கிறது, சிலருக்கு என்மேல் கோபம். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இந்த மாதப் பக்கம் முழுக்க அவற்றுக்கே. முடிவைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது என்பதால், பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 2016 ஜூலை, ஆகஸ்டில் எச்.பி.ஓ.வில் 8 பகுதிகளாக வந்தது. நியூயார்க்கில் குயின்ஸ் பக்கம் ஜாக்சன் ஹைட்ஸில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன் நஸீர் கான். கல்லூரி மாணவன். அப்பாவின் டாக்ஸியைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஒரு பார்ட்டிக்குக் கிளம்புகிறான். வண்டி வாடகைக்கு இல்லை என்று காட்டும் விளக்கை எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. ஒரு பெண் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். அவள் வீட்டுக்குப் போகிறான், போதை மருந்து, விளையாட்டு, தூக்கம். விழித்துப் பார்த்தால் அவள் கத்திக்குத்துப் பட்டுச் செத்துக் கிடக்கிறாள். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். மாட்டிக்கொள்கிறான்.

கேள்வி: எட்டு பகுதியும் கண்விழித்துப் பார்த்தேன். கடைசிவரை கொலை செய்தது யார் என்று அடித்துச் சொல்லவே இல்லை. இதற்கா இத்தனை புகழ்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவில்பட்டி)

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. கதை என்றால் முடிச்சு அவிழ வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகிவிட்டோம். ஆனால் கோர்ட்டில் 'செய்தது யார்' என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை சார். 'இவர்தான் செய்தார் என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததா' என்ற ஒரே கேள்விதான். இரண்டும் வேறு வேறு. நான் அரசு வழக்கறிஞராக செஷன்ஸ் கோர்ட்டில் நடத்திய கொலை வழக்குகளில், தீர்ப்பு வந்த பிறகும் உண்மையில் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியாதவை எத்தனையோ. நீதிபதிக்கும் தெரியாது. செத்தவருக்கும் செய்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? பார்ப்பவர்களான நமக்கு ஒரு துப்புக் கொடுத்துவிடுகிறார்கள். துப்பறியும் அதிகாரி பாக்ஸ், கடைசியில் அந்தப் பெண்ணின் பணத்தைக் கையாண்ட நிதி ஆலோசகர் பக்கம் போய்ச் சேருகிறார். தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்த பொதுமக்களான ஜூரிகளுக்கு அது எட்டவே எட்டாது. அந்தப் பன்னிரண்டு பேரும் நமக்குத் தெரிந்ததில் பாதியை வைத்துக்கொண்டு ஒரு பையனின் தலையெழுத்தை முடிவு செய்ய உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஜூரிகள் ஆறு பேர் குற்றவாளி என்றும் ஆறு பேர் இல்லை என்றும் சொன்னால் அது விடுதலையா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: விடுதலை இல்லை அம்மா. பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னால்தான் அங்கே தீர்ப்பு. ஒத்துவராவிட்டால் விசாரணை செல்லாமல் போகும், அவ்வளவுதான். அரசுத் தரப்பு நினைத்தால் புதிய ஜூரியை வைத்து முதலிலிருந்து நடத்தலாம். தொடரில் ஜூரி ஆறுக்கு ஆறாகப் பிரிந்ததும் அரசு வழக்கறிஞர் ஹெலன் வைஸ் எழுந்து மறுபடி நடத்தப்போவதில்லை என்று சொல்லிவிடுகிறார். அதனால்தான் நஸீர் வெளியே வருகிறான். 'நிரபராதி' என்று யாரும் சொல்லி வரவில்லை. அந்த வார்த்தை அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

நம் நாட்டிலும் ஜூரி இருந்தது. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு ஜூரி முறையே நம்மிடம் இல்லாமல் போனது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், தனியாக ஒரு நீதிபதியின் முன்னால் நின்று பழகிய எனக்கு, பன்னிரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து வாதாடுவதைப் பார்த்தபோது கொஞ்சம் ஏக்கமாகவே இருந்தது.

கேள்வி: வக்கீலின் காலில் இருக்கும் சிரங்கை எத்தனை தடவைதான் காட்டுவார்கள்? சாப்பிடும்போது பார்க்க முடியவில்லை. (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: இதே புகாரோடு வந்த கடிதங்கள்தான் அதிகம். நஸீரின் வக்கீல் ஜான் ஸ்டோன் (நடித்தவர் ஜான் டர்ட்டூரோ) கோர்ட்டுக்குச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறார், ராத்திரி காலில் கொழுப்பைத் தடவி பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்கிறார், சாப்பிடும் குச்சியால் சொறிகிறார். எனக்கு அருவருப்பு வரவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வழக்குப் பிடிக்கும் வக்கீல்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவருக்கு இரண்டு முழங்கையிலும் சொரியாசிஸ். சித்திரை வெயிலில்கூட கோட்டைக் கழற்ற மாட்டார். கட்சிக்காரர் பார்த்துவிட்டால் வேறு வக்கீலிடம் போய்விடுவார் என்ற பயம். ஆனால் குறுக்கு விசாரணை என்று எழுந்தால், எங்கள் சாட்சி தண்ணீர் கேட்கும்வரை விட மாட்டார். ஸ்டோனைப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. முகமெல்லாம் சிவந்து தடித்துக் கிடக்க, அந்தக் கோலத்திலேயே ஸ்டோன் கடைசி வாதம் செய்கிறார். ஒரு பையனைக் கொண்டுபோய் அந்தச் சிறையில் போட்டுவிட்டு, 'நீ இங்கே பிழைத்துக்கொள், அதற்குள் நாங்கள் உன்னை விசாரிக்கிறோம்' என்றால் அவன் என்ன ஆவான் என்று ஜூரிகளைப் பார்த்துக் கேட்கிறார். இத்தனை நாளாகக் காலைக் காட்டியது அந்த நிமிடத்துக்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

இந்த வேஷம் முதலில் ஜேம்ஸ் காண்டோல்ஃபினிக்கு. முதல் பகுதி எடுத்த பிறகு 2013-ல் அவர் இறந்துபோனார். தயாரிப்பாளர் வரிசையில் அவர் பெயரை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் மறக்காத காட்சி எது? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: முதல் பகுதி, போலீஸ் ஸ்டேஷன். வண்டியைத் தப்பாகத் திருப்பியதற்காகத்தான் நஸீரைப் பிடித்திருக்கிறார்கள். கொலை பற்றி அவன்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கிறார்கள். போன் அடிக்கிறது, யாரோ காகிதம் நிரப்புகிறார்கள், யாரோ கடந்து போகிறார்கள். அவன் ஜாக்கெட்டுக்குள் கத்தி. பையனின் கண் வாசலுக்கும் மேஜைக்குமாக அலைகிறது. நமக்கு மூச்சு முட்டுகிறது. ஸ்டேஷன் என்றால் அடியும் கத்தலுமாகவே காட்டிப் பழகியவர்கள், ஒரு ஸ்டேஷனின் சலிப்பை இப்படிக் காட்டியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அடுத்து பாக்ஸ் வருகிறார். அதட்டுவதில்லை, அடிப்பதில்லை. தகப்பன் மாதிரி மெதுவாகப் பேசுகிறார். அதுதான் பயங்கரம். அமெரிக்காவில் 1966-ன் மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு, கைதானவரை விசாரிக்குமுன் பேசாமல் இருக்கும் உரிமையைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு அவர் பேசிவிட்டால் அது சாட்சியமாக நிற்கும். நம் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, நம் போலீசை நம்ப முடியாதென்று எழுதி வைத்த பிரிவு அது. இன்றும் அப்படியே இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கேள்வி: செய்யாத கொலையைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி சொந்த வக்கீலே வற்புறுத்துவாரா? நம்ப முடியவில்லை. (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: நம்புங்கள் அம்மா, அங்கே அதுதான் நடைமுறை. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் சொன்ன கணக்கு இது: மாநில நீதிமன்றங்களில் வரும் தண்டனைகளில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை, மத்திய நீதிமன்றங்களில் 97 சதவீதம். விசாரணை நடந்து தண்டனை வருவது நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறுதான். தொடரில் நஸீருக்கு 15 வருடம் என்று பேரம் படிகிறது. விசாரணைக்குப் போய்த் தோற்றால் ஆயுள் முழுக்க உள்ளே. ஒரு வக்கீலாகக் கணக்குப் போட்டால் ஒப்பந்தம்தான் புத்திசாலித்தனம். ஆனால் 'கொன்றேன் என்று உன் வாயால் சொல்' என்று நீதிபதி கேட்கும்போது பையனின் நாக்கு எழவில்லை.

நம்மிடமும் 2006-லிருந்து இந்தப் பேரம் சட்டத்தில் இருக்கிறது, ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களுக்கு மட்டும். என் அனுபவத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் அபூர்வம்.

கேள்வி: நானும் வழக்கறிஞர். சந்திரா கபூர் என்ற இளம் பெண் வக்கீல் பாத்திரத்தை அத்தனை அழகாக வளர்த்துவிட்டு, கடைசியில் கட்சிக்காரனை முத்தமிடவும் சிறைக்குள் போதைப்பொருள் கடத்தவும் விட்டார்களே. பெண் வக்கீல் என்றால் இவ்வளவுதானா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயம். இந்தத் தொடரில் எனக்கு மன்னிக்க முடியாத பிழை இது ஒன்றுதான். அமாரா கரண், லண்டனில் பிறந்த இலங்கை வம்சாவளிப் பெண், எவ்வளவு நிதானமாக நடித்திருக்கிறார்! பாக்ஸைக் குறுக்கு விசாரணை செய்யும் இடத்தைப் பாருங்கள். சம்பவ இடத்தில் கிடந்த நஸீரின் ஆஸ்துமா இன்ஹேலரை எடுத்து அவனிடமே கொடுத்தது ஏன் என்று பிடிக்கிறாரே, அது முதல் தரமான வேலை. பறிமுதல் பட்டியலில் இருக்க வேண்டிய பொருள் பட்டியலில் இல்லையென்றால் முழு புலன்விசாரணையும் ஆட்டம் காணும். அப்படிப்பட்ட மூளையுள்ள ஒருத்தி, கேமரா இருக்கும் அறையில் முத்தம் கொடுப்பாளா? கடைசி வாதத்தை ஸ்டோன் கைக்கு மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு இவளைப் பலி கொடுத்துவிட்டார்கள். எழுதியவர்களின் சோம்பல் அது.

நஸீரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதும் தப்பு என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தப்புதான். ஆனால் அந்தத் தப்பை நல்ல வக்கீல்களும் செய்வார்கள். தன் ஆள் நல்லவன் என்று மனசார நம்பிவிட்டால், அவன் பேசினால் எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று தோன்றும். ஹெலன் வைஸ் கேட்கிறார்: நீ அவளைக் கொன்றாயா? 'தெரியாது' என்கிறான். உண்மை பேசினான், அந்த உண்மையே அவன் கழுத்தைப் பிடித்தது.

கேள்வி: சிறைக் காட்சிகள் ரொம்ப மிகை. சில மாதத்தில் ஒரு நல்ல பையன் அப்படி மாறுவானா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: மாறுவான் தம்பி. தலையை மொட்டையடித்துக்கொண்டு, விரல் முட்டிகளில் பச்சை குத்திக்கொண்டு வருகிறானே, விசாரணை முடியும் முன்பே. அவனை அடைத்த நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். கதையை விடுங்கள், நிஜத்தைச் சொல்கிறேன். கலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையனை 2010-ல் ஒரு முதுகுப்பையைத் திருடியதாகப் பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர், குடும்பத்தால் கட்ட முடியவில்லை. விசாரணையே நடக்காமல் மூன்று வருடம் ரைக்கர்ஸில் இருந்தான், அதில் ஏறக்குறைய இரண்டு வருடம் தனிமைச் சிறை. 2013-ல் வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். 2015-ல், 22 வயதில், வீட்டில் தற்கொலை செய்துகொண்டான். தொடர் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

நம் சிறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2022-ன் அரசுக் கணக்குப்படி நாட்டின் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்களை வேனில் கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைப்பார்கள். முதல் வாய்தாவில் தலையைக் குனிந்தே இருந்த பையன், பத்தாவது வாய்தாவில் எஸ்கார்ட் போலீஸிடம் பேர் சொல்லி பீடி கேட்பான். முப்பது வருடம் அந்த மரத்தைக் கடந்துதான் கோர்ட்டுக்குள் போனேன். மிகை என்று நீங்கள் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ஹிந்தியில் வந்த 'கிரிமினல் ஜஸ்டிஸ்' பார்த்திருக்கிறேன். அது போதுமா? (மருந்துக் கடைக்காரர், ஈரோடு)

பதில்: இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், 2008-ல் பி.பி.சி. ஐந்து பகுதியாகக் கொடுத்த 'கிரிமினல் ஜஸ்டிஸ்'. எழுதிய பீட்டர் மொஃபட் முன்பு வழக்கறிஞராக இருந்தவர். 2019-ல் வந்த ஹிந்தித் தொடரில் பங்கஜ் திரிபாதி அருமை, அவருக்காகவே பார்க்கலாம். ஆனால் இங்கே ஜூரி கிடையாதே, ஆறுக்கு ஆறு என்ற முடிவுக்கு வழியே இல்லை. அமெரிக்கத் தொடரையும் பாருங்கள்.

கேள்வி: பெற்ற தாயே மகனைச் சந்தேகப்படுவதா? அந்த இடத்தில் டி.வி.யை அணைத்துவிட்டேன். (பாட்டி, கும்பகோணம்)

பதில்: அந்தத் தாயாக நடித்த பூர்ணா ஜகந்நாதனை 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் தமிழ் அம்மா நளினியாக உங்கள் பேத்திகள் பார்த்திருப்பார்கள். கோர்ட்டில் அரசுத் தரப்பு ஒவ்வொன்றாக அடுக்க அடுக்க, அந்த அம்மாவால் உட்கார முடியவில்லை, எழுந்து போய்விடுகிறார். கல்நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை பாட்டி. அந்த வீட்டில் எல்லாமே போய்விட்டது. கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கிய டாக்ஸி போலீஸ் கையில், அப்பா வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார், அம்மா கழிப்பறை கழுவுகிறார். இத்தனையும் தாங்கிய பிறகு ஒரு நிமிடம் சந்தேகம் வந்தால் அது பாவமா? முழுதாகப் பார்த்து முடியுங்கள். மகன் வீடு திரும்பிய பிறகும் அந்தச் சந்தேகம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: நிதி ஆலோசகர் பற்றி பாக்ஸ் வந்து சொன்ன பிறகும், பையன்மேல் ஆதாரம் அதிகம் என்று ஹெலன் வைஸ் வழக்கைத் தொடர்ந்து நடத்துகிறார். நீங்களும் அரசுத் தரப்பில் இருந்தவர். அப்படிச் செய்திருக்கிறீர்களா? (பெயர் வேண்டாம் என்றவர், தூத்துக்குடி)

பதில்: அந்தக் காட்சியில் ஹெலன் வைஸாக நடித்த ஜீனி பெர்லினின் முகத்தில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

1994. கல்குவாரியில் வேலை பார்த்த 21 வயதுப் பையன்மேல் கொலை வழக்கு. ராத்திரி பத்து மணிக்குச் சம்பவம். வழக்குக் கட்டைக் கொண்டுவந்த ஏட்டு வராந்தாவில் வைத்துப் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த நேரத்துல இவன் கடைசி பஸ்ல வந்தான்னு ஒரு கண்டக்டர் சொன்னாரு சார். ஐ.ஓ. அதைச் சேர்க்கல." பிரைவேட் பஸ். ஒரு ரூபாய் சில்லறைக்காகப் பையன் கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறான், அதனால் அவருக்கு முகம் ஞாபகம். புலன்விசாரணை அதிகாரியைக் கேட்டேன். "அதெல்லாம் டிஃபென்ஸ் பார்த்துக்குவாங்க சார்" என்றார். டிஃபென்ஸுக்கு எப்படித் தெரியும்? சாட்சியாகக் காட்டாத ஆள் சொன்னது எதிர்த்தரப்புக்குப் போகவே போகாது. அமெரிக்காவில் 1963-லேயே பிரேடி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதை அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. இங்கே, போலீஸ் ஒதுக்கி வைத்த வாக்குமூலங்களின் பட்டியலையாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021-ல்.

மூன்று வாய்தா நான் வாயைத் திறக்கவில்லை. அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குக் கடமைப்பட்டவர், தண்டனைக்கு இல்லை என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். என்னிடம் வேறு நல்ல சாட்சிகள் இருந்தார்கள், வழக்கு ஜெயிக்கும் வழக்காக இருந்தது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. நாலாவது வாய்தாவில், கண்டக்டரைச் சாட்சியாக அழைக்கச் சொல்லி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 311-வது பிரிவில் மனு போட்டேன். நீதிபதி கண்டக்டரை அழைத்தார். டிரிப் ஷீட்டோடு வந்து சொன்னார். பையனுக்கு விடுதலை.

தீர்ப்பு அன்று அவன் அம்மா வந்திருந்தார். பெஞ்சுக்குக் கீழே ஒரு மஞ்சப்பை, அதில் அவனுக்கு ஒரு மாற்றுச் சட்டை. எதிர்த்தரப்பு வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போனார். அந்த மூன்று வாய்தா என்பது நாலு மாதம். அதற்குள் மகளுக்கு நிச்சயித்த இடம் கலைந்துவிட்டது என்று குமாஸ்தா பிறகு சொன்னார். நான் பேசாமல் இருந்த நாலு மாதம் பற்றி அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் இப்போது இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயர் ஞாபகமிருக்கிறது.